ரம்ப மேசையில் ஷாக் அடிக்கிறது, மோட்டாரும் சூடாகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம். திருமங்கலம் பக்கத்தில் தச்சுப் பட்டறை வைத்திருக்கிறோம். வட்ட ரம்பத்துக்கு 2 ஹெச்பி சிங்கிள் ஃபேஸ் மோட்டார். மழை பெய்ததிலிருந்து இரும்பு மேசையில் கை பட்டால் சுர்ரென்கிறது, டெஸ்டர் வைத்தால் எரிகிறது. மெயினை அணைத்து மிஷினை நிறுத்தி வைத்திருக்கிறேன், கூட வேலை செய்கிற பையன்கள் வெறுங்காலோடு நிற்கிறவர்கள், அவர்களுக்கு ஒன்று ஆகிவிடக் கூடாது.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் தானே அணைந்துவிடுகிற சுவிட்ச்) போட்டால் உடனே டிரிப் ஆகிறது. வயர்மேன் அதைக் கழற்றிவிட்டு ஓட்டுங்கள் என்கிறார். கரண்ட் கசிவதால்தானே அது விழுகிறது, அதை எப்படிக் கழற்றுவது? மெக்கர் (இன்சுலேஷன் சோதிக்கிற மீட்டர்) வைத்துப் பார்த்தால் கசிவு காயிலிலா, சுவிட்சிலா, ஒயரிலா என்று பிரித்துக் கண்டுபிடிக்க முடியுமா? காயில் ஈரம் என்றால் காயவைத்து வார்னிஷ் அடித்தால் போதுமா, இல்லை ரீவைண்டிங்தானா?

அப்புறம் சூடு. சாயங்காலம் வோல்டேஜ் 180-க்கு இறங்குகிறது, அப்போது வேப்பம்பலகையைக் கொடுத்தால் மோட்டார் உறுமிக்கொண்டு நிற்கப் பார்க்கிறது. கப்பாசிட்டர் புதிது, விசிறி மூடியில் அடைகிற மரத்தூளையும் தினமும் எடுக்கிறோம். மீட்டரிலிருந்து பட்டறைக்கு 40 மீட்டர், ஒயர் 1.5 சதுர மில்லிமீட்டர்தான். 4-க்கு மாற்றினால் வித்தியாசம் தெரியுமா, இல்லை த்ரீ ஃபேஸுக்கே போய்விடலாமா? எர்த் குழியையும் புதிதாகப் போட எண்ணம், ஓம் அளந்து சொல்கிற நல்ல ஆள் மதுரைப் பக்கம் இருந்தால் சொல்லுங்கள் அண்ணே.