கல்யாணம் நமக்கா, ஊருக்கா?

வெயில்: ஆவணியில் எனக்குக் கல்யாணம். இருபது பேர் முன்னிலையில் மாலை மாற்றி, பதிவு செய்துவிடலாம் என்பது எங்கள் ஆசை. அப்பாவோ ஆறு லட்சம் கடன் வாங்கியாவது மண்டபத்தில்தான் என்கிறார். ஏன் என்றால், "நாலு பேர் கேட்டா என்ன சொல்றது?" அந்த நாலு பேருக்காக நான் ஏன் மேடையில் நிற்க வேண்டும்?

தோழர்_கரிகால்: உறுதியாக இருங்கள். 1967-லேயே இந்து திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, சுயமரியாதைத் திருமணம் செல்லும் என்று ஆக்கிய மாநிலம் இது. ஐயரும் ஓமமும் வேண்டாம். உறவினர், நண்பர் முன்னிலையில் மாலையோ மோதிரமோ மாற்றினால் போதும். ஊரறிய நடத்த வேண்டிய அவசியமில்லை என்று 2023-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. சட்டத்துக்கே இல்லாத கவலை ஊருக்கு எதற்கு?

கீரமங்கலத்தான்: தோழர் மொய் நோட்டைப் புரட்டியதில்லை போல. தங்கச்சி, உங்கப்பா இத்தனை வருஷம் ஊரெல்லாம் மொய் எழுதியிருப்பார். அதைத் திரும்ப வாங்கும் இடமே உங்கள் கல்யாணம்தான். எங்கள் பக்கம், பேராவூரணி, வடகாடு எல்லாம், ஆடி ஆவணியில் மொய் விருந்துக்கென்றே பந்தல் போடுவோம். கறிச்சோறு ஒரு பக்கம், நோட்டும் பேனாவுமாக எழுதுகிறவர் ஒரு பக்கம். வாங்கியதைத் திருப்பும்போது மேலே கொஞ்சம் புது மொய் வைக்கணும். வட்டியில்லாக் கடன். அதில் போர் போட்டவன் உண்டு, பிள்ளையைக் காலேஜில் சேர்த்தவன் உண்டு. இதை ஊர் மெச்சுவதற்கு என்று ஒதுக்காதீர்கள்.

வெயில்: அண்ணே, எங்கள் நோட்டையும் பார்த்தேன். பாதிக்கு மேல் 51, 101. மண்டப வாடகைக்கே காணாது. அப்பாவுக்கு அந்தக் கணக்கும் இல்லை. பெரியப்பா மகள் கல்யாணத்தில் ட்ரோன் பறந்ததாம், நமக்கும் பறக்கணுமாம்.

கீரமங்கலத்தான்: ட்ரோனை வெட்டுங்கள், நானும் உங்கள் பக்கம். பந்தியை வெட்டாதீர்கள்.

செல்வி_அக்கா: பெண் வீட்டில் சத்தமில்லாமல் கல்யாணம் என்றாலே ஊர் முதலில் வயிற்றைத்தான் பார்க்கும். அந்தப் பேச்சு வெயிலின் காதுக்கு வராது. ரேஷன் கடை வரிசையில் நிற்கிற அம்மாவிடம்தான் கேட்பார்கள். "நான் நானாக இருப்பேன்" என்பது சரி. பில் யார் பேருக்கு வருகிறது?

தோழர்_கரிகால்: அப்படிப் பார்த்தால் எதுவுமே மாறியிருக்காதே அக்கா. 1928-ல் சுக்கிலநத்தத்தில் முதல் சுயமரியாதைத் திருமணம் நடந்தபோது ஊர் வாயை மூடிக்கொண்டா இருந்தது?

செல்வி_அக்கா: அவர்களுக்குப் பின்னால் ஓர் இயக்கமே நின்றது தம்பி. இந்தப் பெண்ணுக்குப் பின்னால் நாம் நாலு பேர், அதுவும் புனைபெயரில்.

வெயில்: அம்மாவிடம் நேற்றே கேட்டுவிட்டேன் அக்கா. "ஊர் பேசினா பேசட்டும். கடன்னு வந்தா உங்கப்பா என் தோட்டைத்தான் கழட்டச் சொல்வார்" என்கிறார்.

செல்வி_அக்கா: அப்போ அம்மாவை விட்டே அப்பாவிடம் பேசச் சொல்லு. உன் சுதந்திரம் அவர் காதில் ஏறாது, கடன் கணக்கு ஏறும்.

கீரமங்கலத்தான்: சரி, தோற்றேன். ஆனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாடாவது போடுங்கள். 51 ரூபாய் வைத்தவனும் திருப்பிக் கொடுக்க ஓர் இடம் வேணும்.

தோழர்_கரிகால்: மொய் இல்லாத சாப்பாடு என்றால் நானும் ஆதரிக்கிறேன்.

கீரமங்கலத்தான்: அதுக்குப் பேர் அன்னதானம், தோழர்.