பாண்டி பஜார் நடைபாதை: கடைக்குள்ளிருந்து பார்த்தது

சென்னை தி.நகர் பாண்டி பஜாரில் அப்பா காலத்திலிருந்து எங்களுக்குக் கவரிங் நகைக் கடை. ஸ்மார்ட் சிட்டி திட்டத்தில் ரோட்டைக் குறுக்கி, இரண்டு பக்கமும் நடைபாதையை அகலமாக்கப் போகிறார்கள் என்றதும் கடைக்காரர்கள் எல்லோருக்கும் ஒரே கவலைதான்: வாசலில் கார் நிற்காவிட்டால் யார் உள்ளே வருவார்கள்?

வேலை நடந்தபோது பட்ட பாடு தனி. வாசலில் பள்ளம், அதன்மேல் ஒரு பலகை. புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் நடந்து வந்தவர்களுக்கெல்லாம் கேட்காமலே விலை குறைத்தோம். 2019 தீபாவளி முடிந்து நவம்பரில் திறந்தார்கள். சரி, இனி விடிவுகாலம் என்று பார்த்தால் மார்ச்சில் ஊரடங்கு! ஆக, புது ரோட்டின் லாப நஷ்டம் எங்களுக்குப் புரியவே ரொம்ப நாள் ஆனது.

இப்போது பார்க்கிறபோது, வியாபாரத்தின் சாயலே மாறியிருக்கிறது. முன்பு வீட்டுக்காரர் வண்டியில் ஹாரன் அடித்துக்கொண்டிருப்பார். அந்த அம்மா வாங்க வந்த சாமானை மட்டும் வாங்கிக்கொண்டு ஓடுவார். இன்று வாசலில் உள்ள கல் பெஞ்சில் அம்மாவும் பெண்ணும் உட்கார்ந்து ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள். கண்ணாடிக்குள் தொங்கும் ஜிமிக்கியைப் பெண் காட்டுகிறாள், அம்மா வேண்டாம் என்கிறார், அப்புறம் இரண்டு பேரும் உள்ளே வருகிறார்கள். சின்னச் சாமான் நன்றாகப் போகிறது. ஆனால் கல்யாண செட் குறைந்துவிட்டது. பாட்டி முதல் பேத்தி வரை காரில் கிளம்புகிற குடும்பம், கார் நிறுத்தித் தர ஆள் வைத்திருக்கும் பெரிய கடைக்குத்தான் போகும்.

நடைபாதையில் கிளிப், ரப்பர் பேண்ட் விற்கும் அக்கா ஒருவர் இருக்கிறார். 2013-ல் பிளாட்பாரக் கடைகளை எல்லாம் வணிக வளாகத்துக்குள் மாற்றியபோது அவருக்கும் மாடியில் இடம் கிடைத்தது. “பத்து ரூபா கிளிப்புக்கு எவ தம்பி படி ஏறி வருவா?” என்பார். சரக்கு மேலே, வியாபாரம் சாயங்காலம் கீழே. அதிகாரிகள் வருகிறார்கள் என்றால் துணியோடு மூட்டை கட்டிக்கொண்டு எங்கள் கடை ஓரம் ஒதுங்குவார். வாடகை கொடுக்கிற எனக்கு எரிச்சல் வரவேண்டும் என்பார்கள் பக்கத்துக் கடைக்காரர்கள். அவர் உட்கார்ந்தால்தான் பெண்கள் நிற்கிறார்கள். நின்றவர்கள் நிமிர்ந்தால் எதிரே என் கடை. எரிச்சல் எங்கிருந்து வரும்?

உண்மையான தலைவலி சரக்கு இறக்குவது. குட்டியானை வண்டியை எங்கோ நிறுத்திவிட்டுப் பெட்டியைத் தலையில் சுமந்து வர வேண்டும். அதே நடைபாதையில் பைக்குகள் மட்டும் எப்படியோ ஏறி நிற்கின்றன.

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவைக் கடை வைத்திருக்கும் மச்சான், “எங்கள் பக்கமும் இப்படிச் செய்தால் நல்லதா?” என்று கேட்டார். சரக்கு வண்டிக்கு நேரம், பிளாட்பாரக் கடைகளுக்குக் கீழேயே இடம், இரண்டையும் தோண்டுவதற்கு முன்பே எழுதி வாங்கிவிடுங்கள் என்று விலாவாரியாகச் சொன்னேன். எல்லாம் கேட்டுவிட்டு, “அதெல்லாம் சரி மாப்ளே, தோண்டறது ஆடிக்கு முன்னாடியா பின்னாடியா?” என்றார்.