இரண்டாம் வகுப்புப் பிள்ளை பார்த்துத்தான் வரைய வேண்டுமா?

வெள்ளைத்தாள்:
மகள் இரண்டாம் வகுப்பு. ஓவிய வகுப்பில் கரும்பலகையில் ஒரு வீடு வரைந்துவிடுகிறார்கள், எல்லோரும் அதைப் பார்த்து வரைய வேண்டும். இவள் சுவருக்குள்ளே கட்டில், கட்டில்மேல் பூனை எல்லாம் தெரிகிற மாதிரி வரைந்திருக்கிறாள். "சுவர் இருந்தால் உள்ளே எப்படித் தெரியும்?" என்று சிவப்புப் பேனாவால் ஒரு கோடு. இந்த வயதில் இப்படித்தான் சொல்லித்தர வேண்டுமா?

கரிக்கோல்:
கூடவே கூடாது. ஏழு வயசுப் பிள்ளை கண்ணுக்குத் தெரிவதை வரைவதில்லை, தனக்குத் தெரிந்ததை வரைகிறது. வீட்டுக்குள் கட்டில் உண்டு என்று அதற்குத் தெரியும், அதனால் வரைகிறது. பிரான்ஸில் குழந்தைகளின் படங்களை ஆராய்ந்த லூக்கே 1927-லேயே இதை விளக்கிவிட்டார். கலைக்கல்வி அறிஞர் லோவன்ஃபெல்டும் 7 முதல் 9 வயதுப் படங்களில் இந்த ஊடுருவிப் பார்க்கும் வீடுகளையும், தாளின் அடியில் ஒரே தரைக்கோடு போட்டு எல்லாவற்றையும் அதன்மேல் நிறுத்துவதையும் வளர்ச்சியின் இயல்பான படியாகத்தான் பார்த்தார். அதற்குச் சிவப்புக் கோடா?

மையொற்று:
சிவப்புக் கோடு தப்புதான். ஆனால் "விட்டுவிடு, தானாக வரும்" என்பதையும் ஒப்புக்கொள்ள மாட்டேன். நான் மூன்றாம், நான்காம் வகுப்புகளுக்குப் பாடம் எடுக்கிறேன். இஷ்டப்படி வரையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள்: இரண்டு மலை, நடுவில் சூரியன், கீழே ஓர் ஆறு. முக்கால்வாசித் தாளில் அதேதான். பலகையைப் பார்க்காவிட்டால் பக்கத்துப் பெஞ்சைப் பார்ப்பார்கள், அவ்வளவுதான்.

கரிக்கோல்:
அந்த மலையையும் சூரியனையும் யாரோ ஒரு பெரியவர்தானே முதலில் பலகையில் போட்டுக் காட்டினார்? வண்ணம் தீட்டும் புத்தகங்களை லோவன்ஃபெல்ட் எதிர்த்ததும் இதனால்தான். அச்சடித்த நாயைப் பார்த்துப் பழகிய பிள்ளைக்குத் தன் நாய் மட்டமாகத் தெரியும்.

மையொற்று:
ஒன்பது பத்து வயதில் என்ன ஆகிறது என்றும் சொல்லுங்களேன். சுதந்திரமாக வளர்ந்த பிள்ளையும் அப்போது தன் படம் நிஜம் மாதிரி இல்லை என்று அழித்து அழித்துத் தாளைக் கிழிக்கிறது. "எனக்கு வரைய வராது" என்று நான் அதிகம் கேட்பது நான்காம் வகுப்பில்தான். கிட்டே இருப்பது தாளில் கீழே, பெரிதாக. தூரத்தில் இருப்பது மேலே, சின்னதாக. முன்னால் நிற்பது பின்னால் நிற்பதை மறைக்கும். இதை யாரும் சொல்லித்தராமல் எத்தனை பேர் தாமாகக் கண்டுபிடிப்பார்கள்?

வண்ணக்குழம்பு:
சொல்லித்தருவது வேறு, பார்த்து வரையச் சொல்வது வேறு. இரண்டு பேரும் அதைக் குழப்புகிறீர்கள். மறைப்பதைக் கற்பிக்கப் பலகைப் படம் எதற்கு? மேஜைமேல் குவளை ஒன்று, அதன் முன்னால் பந்து ஒன்று. ஆளுக்கொரு கோணத்தில் உட்கார்ந்தால் ஆளுக்கொரு படம் வரும். சின்ன வகுப்புக்கு மஞ்சளும் நீலமும் மட்டும் கொடுத்து, ஜன்னலுக்கு வெளியே தெரிகிற இலையின் பச்சையைக் கொண்டுவரச் சொல்லுங்கள். வராது. துளி சிவப்பு சேர்த்தால் கிட்டே வரும். அதைப் பிள்ளையே கண்டுபிடிக்கட்டும். (ஆரஞ்சு சாயலுள்ள சிவப்பை வாங்கிவிட்டு ஊதா வரவில்லை என்று பிள்ளையைத் திட்டாதீர்கள். அதில் நீலம் கலந்தால் பழுப்புதான் வரும்.)

மையொற்று:
நாற்பது பிள்ளை, நாற்பது நிமிஷம், தண்ணீர்க் கிண்ணத்தோடு. ஒரு நாள் வந்து எடுத்துப் பாருங்கள். பலகையில் வீடு வரைகிறவர் கலையை வெறுப்பவர் இல்லை, மணி அடிப்பதற்குள் முடிக்கப் பார்க்கிறார்.

வண்ணக்குழம்பு:
சரி, தண்ணீர் வேண்டாம். மெழுகு வண்ணக்கட்டியிலேயே ஒன்றின்மேல் ஒன்றாகத் தேய்த்துக் கலக்கலாம்.

வெள்ளைத்தாள்:
நாளை ஆசிரியரைப் பார்க்கப் போகிறேன். என்ன கேட்கட்டும்?

மையொற்று:
சண்டைக்குப் போகாதீர்கள். பிள்ளையின் தாளில் பெரியவர் பேனா படாமல், சொல்ல வேண்டியதை வாயால் சொன்னால் போதும் என்று மட்டும் கேளுங்கள்.

கரிக்கோல்:
அந்தப் பூனை ஏன் கட்டில்மேல் இருக்கிறது என்று அவளிடம் யாராவது கேட்டார்களா என்பதையும் கேளுங்கள். மற்றபடி, இரண்டாம் வகுப்புக்குப் பலகைப் படம் வேண்டாம் என்பதில் எனக்கு மாற்றமில்லை.