சுருள் கேலக்ஸி பார்த்த அனுபவம்: நிஜமாக என்ன தெரிந்தது?

ராக்கோழி:
புதிதாகத் தொலைநோக்கி வாங்குகிறவர்கள் முதலில் கேட்பது "சுருள் எப்போது தெரியும்?" என்றுதான். அவர்களுக்காக இந்த இழை. எதை, எங்கிருந்து, எந்தக் கருவியில் பார்த்தீர்கள் என்று எழுதுங்கள். கொஞ்சம்கூட மிகைப்படுத்த வேண்டாம், படம் ஒட்டவும் வேண்டாம்.

நானே தொடங்கி வைக்கிறேன். ஜவ்வாது மலையில், காவலூர் பக்கம், ஒரு டிசம்பர் இரவு. ஆண்ட்ரோமெடா கேலக்ஸி வடக்கே நல்ல உயரத்தில் இருந்தது. விபூதி பூசி அழித்த மாதிரி ஒரு தடம் வெறுங்கண்ணுக்கே தெரிந்தது. பைனாகுலரில் தடம் நீண்டது. எட்டு அங்குல ஆடி கொண்ட டாப்சோனியன் தொலைநோக்கியில் நடுப்பகுதி மட்டும் பளிச்சென்று இருந்தது, பக்கத்தில் அதன் துணைக் கேலக்ஸி எம்32 சின்னதாகத் தெரிந்தது. சுருள் கிடையாது. தொலைநோக்கியைக் குறை சொல்ல முடியாது. அந்தக் கேலக்ஸி சுமார் 77 பாகை சாய்ந்து, கிட்டத்தட்ட விளிம்பை நமக்குக் காட்டி நிற்கிறது. அதனால் சுருளின் கைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிடுகின்றன. போதாக்குறைக்கு, வானத்தில் அதன் நீளம் ஆறு முழுநிலவை வரிசையாக வைத்த அளவு. தொலைநோக்கியின் பார்வைக்குள் மொத்தமும் அடங்காது. 25 லட்சம் ஒளியாண்டு தொலைவில் இருந்தும் அவ்வளவு பெரிசு!

கொல்லிமலை:
சுருளே வேண்டுமென்றால் எம்51 என்ற கேலக்ஸிக்குப் போங்கள். அது நமக்கு முகம் காட்டி நிற்கிறது. ஏப்ரல் மாதம், இரவு பத்து மணிக்கு மேல், சப்தரிஷி மண்டலத்தின் வால் நுனிப் பக்கம். என்னிடம் இருப்பது 12 அங்குலம்.

முதலில் தெரிந்தது இரண்டு மங்கலான புள்ளிகள்தான். பெரியது எம்51-இன் மையம், சிறியது அதன் துணை என்ஜிசி 5195. அரை மணி நேரம் இருட்டில் கண்ணைப் பழக்கி, செல்போனைத் தொடாமல் உட்கார்ந்தேன். அப்புறம் பெரிய புள்ளியைச் சுற்றி ஒரு வளையம் வந்தது. நேராகப் பார்த்தால் மறைந்துவிடும், கண்ணோரமாகப் பார்த்தால் திரும்ப வரும். விழித்திரையின் நடுவில் மங்கல் ஒளியை உணரும் செல்கள் இல்லை, அதனால்தான். மெல்ல அந்த வளையம் ஒரு பக்கம் உடைந்து, வளைவாக மாறியது. அவ்வளவுதான், நிறம் எதுவும் இல்லை, சாம்பல்தான். ஆனாலும் கீழே இறங்க மனம் வரவில்லை.

1845-இல் அயர்லாந்தின் பிர் கோட்டையில் ரோஸ் பிரபு 72 அங்குல உலோக ஆடியில் இதே எம்51-ஐப் பார்த்துக் கையால் வரைந்தார். வானத்தில் சுருள் வடிவம் என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் தெரிந்தது. அது நம் கேலக்ஸியான பால்வெளிக்கு வெளியே இருப்பது அவருக்கும் தெரியாது. தொலைவைக் காட்டும் விண்மீன் ஒன்றை ஹப்பிள் ஆண்ட்ரோமெடாவில் 1923-இல் கண்டுபிடித்த பிறகுதான் இவை பால்வெளிக்கு உள்ளேயா வெளியேயா என்ற சண்டை தீர்ந்தது.

மொட்டைமாடி:
நான் பார்க்கவில்லை, கேட்டேன். சென்னைப் புறநகரில் இருந்துகொண்டு பார்ப்பதற்கு என்ன இருக்கிறது!

கல்லூரி புராஜெக்டுக்காக அட்டையில் அலுமினிய ஃபாயில் ஒட்டி ஒரு கூம்பு ஆன்டெனா செய்தோம். பின்னால் ஒரு பெருக்கி, அதிலிருந்து லேப்டாப்புக்கு ரேடியோ வாங்கியாக வேலை செய்யும் ஒரு யுஎஸ்பி டாங்கிள். ஹைட்ரஜன் அணு 1420.4 மெகாஹெர்ட்சில் வெளியிடும் ரேடியோ அலையைப் பிடிப்பதுதான் திட்டம். வான் டெ ஹல்ஸ்ட் 1944-இல் இதைக் கணித்தார், 1951-இல் ஹார்வர்டில் ஈவனும் பர்செலும் பிடித்தார்கள். தூசு, மேகம், தெருவிளக்கு எதுவும் இதைத் தடுக்காது. ஆனால் எங்கள் வீட்டில் மோட்டார் போட்டால் போதும், வரைபடம் முழுக்கக் கிறுக்கலாகிவிடும்.

காசியோப்பியா விண்மீன் கூட்டத்தின் பக்கம் கூம்பைத் திருப்பி, நிறைய நேரம் சேர்த்துச் சராசரி எடுத்தோம். வரைபடத்தில் ஒரு மேடு வரும் என்று எதிர்பார்த்தோம். வந்தது இரண்டு. ஒன்று 1420.4 அருகில், இன்னொன்று 1420.6 பக்கத்தில். முதலாவது நம் சூரியனுக்குப் பக்கத்து வாயு. இரண்டாவது பெர்சியஸ் கை. அதற்கும் நமக்கும் இடையிலான வேக வித்தியாசம் நொடிக்கு 50 கிலோமீட்டர் அளவில் இருப்பதால் அதன் அலைவரிசை அந்த அளவு உயர்ந்துவிடுகிறது. நாம் உள்ளே உட்கார்ந்திருக்கும் சுருளின் அடுத்த கை, மொட்டைமாடியில் அட்டைக் கூம்பில்! எங்கள் பேராசிரியர் ஒன்றும் சொல்லாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

புதுவரவு:
ஒரு சந்தேகம் அண்ணா. உள்ளே இருப்பது வேகமாகச் சுற்றி முடிக்கிறது, வெளியே இருப்பது தாமதமாகச் சுற்றுகிறது. அப்படியென்றால் கைகள் எப்போதோ இறுகிச் சுருண்டு காணாமல் போயிருக்க வேண்டாமா?

மொட்டைமாடி:
சரியான கேள்வி தம்பி. சூரியன் ஒரு சுற்று வரச் சுமார் 23 கோடி ஆண்டு. பிறந்ததிலிருந்து இருபது சுற்று வந்திருக்கும். கை என்பது ஒரே விண்மீன்கள் கூட்டமாகப் போவது என்றால் நீ சொன்னதுதான் நடக்கும். லின், ஷூ என்ற ஆய்வாளர்கள் இருவரும் 1964-இல் சொன்னது வேறு: கை என்பது கேலக்ஸியின் தட்டில் ஓடும் அடர்த்தி அலை, அதாவது ஒரு நெரிசல். விண்மீன்கள் அதற்குள் நுழைந்து வெளியேறுகின்றன. வாயு நுழையும்போது நெருக்கப்பட்டுப் புது விண்மீன்கள் பிறக்கின்றன. அதில் கனமான நீல விண்மீன்கள் வெளியேறி வெகுதூரம் போவதற்குள் ஆயுள் முடிந்துவிடும். கைகள் நீலமாக ஒளிர்வது அதனால்தான். கைகளுக்கு நடுவே இருக்கும் இடம் காலி என்று நினைத்துவிடாதே, அங்கேயும் விண்மீன்கள் ஏராளம்.

ஆனால் எல்லாச் சுருளுக்கும் இது ஒத்துவராது. எம்51-இன் கைகள் இவ்வளவு தெளிவாக இருப்பதில் அந்தத் துணையின் ஈர்ப்புக்கும் பங்கு உண்டு. சிலவற்றில் கைகள் துண்டு துண்டாகத்தான் இருக்கும்.

நைட் ஷிஃப்ட்:
எனக்குத் தொலைநோக்கியே இல்லை. கேலக்ஸி படங்களைப் பொதுமக்களே இணையத்தில் வகைப்படுத்தும் கேலக்ஸி ஜூ திட்டம் 2007-இல் தொடங்கியபோது, வேலை முடிந்து வந்து தூக்கம் வரும்வரை சுருள்களை வகைப்படுத்துவேன். கடிகாரத் திசையா, எதிர்த்திசையா என்று ஒரு பொத்தான் அழுத்த வேண்டும். மொத்தக் கணக்கில் எதிர்த்திசைச் சுருள்கள் கூடுதலாக வந்தன. பிரபஞ்சத்துக்கே ஒரு பக்கச் சாய்வு இருக்கிறதோ என்று பேச்சு கிளம்பியது. பிறகு படங்களைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பிப் போட்டுச் சோதித்தார்கள். அப்போதும் எதிர்த்திசைதான் கூடுதல்! சாய்வு எங்களிடம்தான் இருந்தது.

ராக்கோழி:
பிரமாதம். தெற்குப் பக்கம் யாரும் எழுதவில்லையே? எம்83 ஏப்ரல், மே இரவுகளில் நமக்கு 45 பாகைக்கு மேல் ஏறும், அதுவும் முகம் காட்டும் சுருள். ஐரோப்பாவில் பெரும்பாலோருக்கு அது அடிவானத்தோடு போய்விடும். அமாவாசையை ஒட்டி மலைக்குப் போகிறவர்கள் ஒரு வார்த்தை சொல்லுங்கள், காரில் இடம் இருக்கிறது.