மறு: எஸ்ஜிஎல்டி2 மாத்திரைகளுக்குத் தமிழ்ப் பெயர்

குழுவினருக்கு வணக்கம்.

நம் நோயாளிக் கையேட்டுக்காக, எஸ்ஜிஎல்டி2 வகை நீரிழிவு மாத்திரைகளுக்கு வந்த ‘சர்க்கரை வெளியேற்றி’ என்ற முன்மொழிவு சொல்ல எளிது. ஆனால் மருந்தின் வேலையை அது தலைகீழாகச் சொல்கிறது. இவ்வகை மருந்துகளான டாபாகிளிஃப்ளோசினோ எம்பாகிளிஃப்ளோசினோ எதையும் பிடித்து வெளியே தள்ளுவதில்லை. நலமாக உள்ளவரின் சிறுநீரகங்கள் நாளொன்றுக்கு ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோசை வடிகட்டுகின்றன. பிறகு, அநேகமாக எதையும் வீணாக்காமல், இரத்தத்துக்கே திருப்பிவிடுகின்றன. அதில் சுமார் 90 விழுக்காட்டை சிறுநீரகத்தின் அண்மைச் சுருள் நுண்குழலில் (வடிகட்டிய நீர் முதலில் நுழையும் மெல்லிய குழாயில்) இருக்கும் எஸ்ஜிஎல்டி2 என்ற புரதம் கவனித்துக்கொள்கிறது. மாத்திரை அந்தப் புரதத்தின் கையைக் கட்டிப்போடுகிறது. திரும்ப வேண்டிய சர்க்கரையில் ஒரு பங்கு சிறுநீரோடு போய்விடுகிறது.

ஆக, பெயரில் இருக்க வேண்டிய வினை திரும்ப எடுத்தல். அதன்மேல் ஒரு தடை. ‘சோடியம்-குளுக்கோஸ் இணைக்கடத்தி-2 தடுப்பான்’ என்று மருத்துவ நண்பர் தந்ததில் பிழையே இல்லை. சோடியமும் சேர்ந்து வெளியேறுவது இரத்த அழுத்தம் சற்று இறங்க ஒரு காரணம். பாடநூலில் அது விளங்க வேண்டும். ஆனால் நோயாளிக்கான கையேட்டில் ‘கடத்தி’ என்று அச்சிட்டால், நாளிதழ் படித்துப் பழகிய கண்ணுக்கு விமான நிலையத் தங்கம்தான் நினைவுக்கு வரும்.

என் பரிந்துரை: சர்க்கரை மீளேற்புத் தடுப்பி. திரும்ப எடுத்தலைத்தான் ‘மீளேற்பு’ என்கிறேன். அதற்கு மாற்றாக, ‘மீளுறிஞ்சல்’ தமிழகப் பாடநூல்களுக்கு நெருக்கமானது, ‘மீளகத்துறிஞ்சல்’ இலங்கை வழக்கை ஒட்டியது. இரண்டும் சரியானவையே, ஆனால் பின்னால் ‘தடுப்பி’யைச் சேர்த்ததும் நாக்கு இடறுகிறது.

பெயரில் இவ்வளவு கறார் எதற்கு என்று கேட்டிருந்தீர்கள். இம்மாத்திரை எடுப்பவரின் ஆய்வக அறிக்கையைப் பாருங்கள். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 110. கீழே, சிறுநீர்ச் சர்க்கரைக்கு நேரே நான்கு கூட்டல் குறிகள். சிறுநீரில் சர்க்கரை என்றாலே நோய் முற்றிவிட்டது என்று நம்பிவந்த தலைமுறை நம்முடையது. பதறிப்போய் மாத்திரையையே நிறுத்துகிறவர் இருக்கிறார். அந்தக் கூட்டல் குறிகள் மருந்து வேலை செய்வதன் அடையாளம். மீளேற்பு தடுக்கப்பட்டால் சர்க்கரை வேறு எங்கே போகும்? பெயரே பாதி விளக்கத்தைச் சொல்லிவிடுகிறது. அந்த இனிப்பைத் தேடி வரும் பூஞ்சைத் தொற்று பிறப்புறுப்பில் அரிப்பாகத் தலைகாட்டுவதையும் இதே வழியில், கூச்சமில்லாமல், விளக்கிவிடலாம்.

‘சர்க்கரை’யை நீக்கலாம் என்ற மறுப்பு வலுவானது. 2019-இல் வெளிவந்த இதயச் செயலிழப்பு ஆய்வுக்குப் பிறகு நீரிழிவே இல்லாதவர்களுக்கும் டாபாகிளிஃப்ளோசின் எழுதப்படுகிறது. இருந்தாலும் நாம் பெயரிடுவது மருந்தின் செயலுக்கு, நோய்க்கு அல்ல. நீரிழிவு இல்லாதவரின் சிறுநீரிலும் இம்மருந்தால் சர்க்கரை இறங்கத்தான் செய்கிறது. எனவே அந்தச் சொல் இருக்கட்டும்.

மருந்துப் பெயர்களையும் தமிழாக்கும் யோசனையை மட்டும் கைவிடுங்கள். ‘கிளிஃப்ளோசின்’ என்ற ஈற்றில் ஃப்ளோரிசின் ஒளிந்திருக்கிறது. 1835-இல் ஆப்பிள் மரப்பட்டையிலிருந்து பிரித்தெடுத்த பொருள் அது. அழகான வரலாறுதான், அதற்காக ‘ஆப்பிள்பட்டையம்’ என்றெல்லாம் போக வேண்டாம். மாத்திரை அட்டையில் அச்சிட்ட பெயரும் கையேட்டில் உள்ள பெயரும் எழுத்துக்கு எழுத்து பொருந்த வேண்டும். திட்டமிட்ட அறுவை சிகிச்சைக்குக் குறைந்தது 3 நாள் முன்பே, மருத்துவர் சொற்படி, இம்மாத்திரையை நிறுத்த வேண்டியிருக்கும். இல்லையெனில் இரத்தச் சர்க்கரை பெரிதாக ஏறாமலேயே கீட்டோன்கள் (உடல் கொழுப்பை எரிக்கும்போது உண்டாகும் அமிலப் பொருள்கள்) பெருகி இரத்தம் அமிலமாகும் ஆபத்து உண்டு. அறுவை மருத்துவரிடம் நோயாளி சொல்லவேண்டியது அட்டையில் இருக்கும் பெயரைத்தான்.

‘தடுப்பி’யா, ‘தடுப்பான்’ஆ என்பதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. இலங்கை நண்பர்கள் ‘நிரோதி’ என்பார்கள். அவர்கள் பதிப்பில் அப்படியே போடலாம். ‘மீளேற்பு’க்கு மறுப்பு இருந்தால் மட்டும் எழுதுங்கள், இல்லையேல் கையேட்டு வரைவில் சேர்த்துவிடுகிறேன்.