கூப்பிட்டா ஊருக்குள்ள வர்ற மினி பஸ்: உங்க ஊர்ல எப்படி நடக்குது?

ஒடுகத்தூர் ரோட்டுக்காரன்:
எங்க ஊரு ஒடுகத்தூர் மெயின் ரோட்ல இருந்து உள்ள ஒன்றரை கிலோமீட்டர். டவுன் பஸ் எல்லாம் ரோட்டோட போய்டும், வயசானவங்க, கைக்கொழந்த வெச்சிருக்கவங்க வெயில்ல நடந்துதான் வரணும். இப்ப ஒரு மினி பஸ்ல கண்டக்டர் நம்பர் குடுத்திருக்காங்க, முன்கூட்டியே போன் போட்டா உள்ள வந்து ஏத்திக்கினு போறாங்க. டயாலிசிஸ் பண்ணிக்கிற ஒரு தாத்தா இதுனாலதான் ஒரு தடவ கூட விடாம ஆஸ்பத்திரி போறாரு, எனக்கு இது ரொம்ப பெரிய விஷயம்.

ஆனா உள்ள வந்து திரும்ப 3 கிலோமீட்டர், எங்க ரோட்ல 20 கிலோமீட்டர் வேகத்துல வந்தாலே 9 நிமிஷம், தாத்தாவ கைப்பிடிச்சு ஏத்த இன்னும் ரெண்டு நிமிஷம், இதே மாதிரி இன்னொரு ஊரும் கூப்ட்டா 20 நிமிஷத்துக்கு மேல லேட்டு, அடுத்த ஸ்டாப்பிங்ல நிக்கறவங்க காட்பாடில ரயில் பிடிக்கணும், ஓபி சீட்டு போடணும், அவங்க இன்னா பண்ணுவாங்க. காலேஜ் பொண்ணு ஒண்ணு ரயில விட்டுட்டு அழுதே போச்சு. அப்பால எல்லாரும் டிரைவரோட உக்காந்து பேசினோம். காலைல முதல் ரெண்டு நடை யார் கூப்ட்டாலும் நேராத்தான் போவணும், 10 மணிக்கு மேலதான் உள்ள வரும்னு முடிவு பண்ணாங்க. தாத்தாவும் டயாலிசிஸ மத்தியானத்துக்கு மாத்தி கேட்டு வாங்கிட்டாரு. இப்ப சண்டை இல்ல.

கணியம்பாடி தம்பி:
அண்ணே, நான் இப்ப அமெரிக்கால வர்ஜீனியால இருக்கேன். இங்க பிரின்ஸ் வில்லியம் கவுண்டில இந்த மாதிரி சர்வீஸ் 1990கள்லயே ஆரம்பிச்சாங்க. ரூட்டுக்கு ரெண்டு பக்கமும் முக்கா மைல், நம்ம கணக்குல 1.2 கிலோமீட்டர், அதுக்குள்ள இருந்து புக் பண்ணா வந்துச்சு, அதுக்கு மேல வராது. இதுல முக்கியமானது டைம்டேபிள்தான், வளைஞ்சு போற நேரத்தையும் அதுலயே சேத்து போடணும். யாரும் கூப்பிடலன்னா பஸ் பெரிய ஸ்டாப்ல நின்னு எழுதின நேரத்துக்குத்தான் கிளம்பணும், காலியா இருக்குன்னு முன்னாடியே எடுத்துட்டா அடுத்த ஊர்க்காரன் ஏமாந்துடுவான். நம்ம பக்கம் நேரா போற நேரத்த மட்டும் போட்டுட்டு நடுவுல வளைக்கிறாங்க, லேட் ஆகாம எப்படி இருக்கும்? இன்னொண்ணு, ஒரே ஊர்ல இருந்து தெனமும் கால் வருதுன்னா அத ரெகுலர் ஸ்டாப்பாவே ஆக்கிடணும்ணே.

பாகாயம் அக்கா:
நான் நர்ஸ், கணியம்பாடி பக்கம் கிராமம் கிராமமா போறவ. போன்ல வர்ற கால மட்டும் எண்ணி ரூட் போடாதீங்க தம்பி. கூப்பிடறதெல்லாம் போன் வெச்சிருக்க பசங்க, யாருக்கு வண்டி ரொம்ப தேவையோ அந்த பாட்டிகிட்ட போனே இருக்காது. ஒரு ஊர்ல டீக்கடைல நோட்டு வெச்சிருக்காங்க, நாளைக்கு வர்றவங்க ராத்திரி 8 மணிக்குள்ள பேர் சொல்லிடணும், கடைக்காரரே கண்டக்டருக்கு போன் பண்ணிடுவாரு. அதுக்கு அப்புறம்தான் அந்த ஊர்ல எத்தன பேருக்கு வண்டி வேணும்னே தெரிஞ்சது.

பொம்பளைங்க விஷயமும் இருக்கு. 2021ல இருந்து அரசு சாதா டவுன் பஸ்ல நமக்கு டிக்கெட் காசு இல்ல, தனியார் மினி பஸ்ல காசு குடுக்கணும், அதனால முட்டி வலியோட மெயின் ரோடு வரைக்கும் நடக்கறாங்க. அவங்க ஏறலங்கறதால அந்த ஊருக்கு தேவையே இல்லன்னு முடிவு பண்ணிடக்கூடாது.

பர்மிட்டையும் பாத்துக்கோங்க. மினி பஸ் 1997ல வந்ததுல இருந்து பர்மிட்ல எழுதின ரூட்லதான் ஓட்டணும், புது திட்டத்துல 25 கிலோமீட்டர் வரைக்கும் குடுக்கறாங்கன்னாலும் அதுவும் கோடு போட்ட ரூட்தான். வேற ரோட்ல போய் ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா இன்சூரன்ஸ்ல கேள்வி வரும்.

ஒடுகத்தூர் ரோட்டுக்காரன்:
அக்கா, அப்போ பர்மிட் ரெனிவல் பண்ணும்போது எங்க ஊரையும் ரூட்ல சேக்க சொல்லி ஆர்டிஓ ஆபீஸ்ல மனு குடுக்கலாமா? குடுத்து வாங்கினவங்க யாராவது இருந்தா மனுவோட இன்னா இன்னா வெக்கணும்னு சொல்லுங்க, பஞ்சாயத்து தீர்மானம் எங்ககிட்ட ரெடியா இருக்கு.