சிகாகோ ஹாட் டாக்: புதுப்பிப்பு

வீட்டில் செய்த சிகாகோ ஹாட் டாக்கில் (பன்னுக்குள் சாசேஜ் வைத்துச் செய்வது) பன் நனைந்து பிய்ந்துபோனதென்று போன வாரம் புலம்பியிருந்தேன் அல்லவா? இந்த முறை சரியாக வந்தது. அப்போது ரெலிஷை, அதாவது பொடியாக நறுக்கிய வெள்ளரி ஊறுகாயை, குற்றம் சொன்னது தப்பு. பன்னை ஆவியில் வெகுநேரம் விட்டதுதான் காரணம். இன்று துணி விரித்து ஒரே நிமிடம், மூடியில் கோத்த நீரையும் துடைத்துவிட்டேன். மாட்டிறைச்சி சாசேஜைக் கொதிக்கவிடாமல் லேசாக ஆவி பறக்கும் தண்ணீரில் சூடாக்கியதால் தோல் வெடிக்கவில்லை. கசகசா பன் கிடைக்காததால் சாதா பன்னில் முட்டை வெள்ளைக்கரு தடவி, கசகசா தூவி ஓவனில் காட்டினேன்.

அப்புறம் வழக்கம்போல மஞ்சள் கடுகு சாஸ், பச்சை ரெலிஷ், வெங்காயம், தக்காளி, வெள்ளரி ஊறுகாய், வினிகரில் ஊறிய மிளகாய். கடைசியில் செலரி உப்பு (செலரி விதைப் பொடி கலந்த உப்பு). அதை விட்டால் சிகாகோ ருசியே வராது.

மகன் கெட்சப் கேட்டான். ஹாட் டாக்கில் கெட்சப் ஊற்றினால் சிகாகோக்காரர்கள் முறைப்பார்கள்தான், ஆனாலும் கொடுத்துவிட்டேன்.